தேர்வடம் கட்டிய குன்று

ஆவிரங்குன்றத்துக் கோட்டை முதல் தடவை திரும்பியபோது ஊரில் பாதிப் பேர் மோர் கடைந்துகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் பக்கத்து வீட்டைப் பற்றி எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஆயுசில் வெயிலே படாத அடுப்படிகளில் வெயில் வந்து விழுந்தபோதுதான் பெண்கள் நிமிர்ந்தார்கள். ஏரிக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பியவர்கள் வழக்கமான பக்கவாசலில் வழக்கமான பேச்சோடு இறங்கி, ஏரி இருக்க வேண்டிய இடத்தில் சுடுகாடு இருக்கக் கண்டு, குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, "என்னடி இது, ஏரி எங்க போச்சு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். ஏரி எங்கும் போகவில்லை. குன்றுதான் தன் மேலிருந்த கோட்டையையும், கோட்டைக்குள் இருந்த ஊரையும், ஊருக்குள் இருந்த மோர்ப்பானைகளையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு, வடக்கு பார்த்திருந்த வாசலைத் தெற்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம்தான் கூத்தாடுந்தேவர் நாடாழ்வாராகப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார், மீசைகூட இன்னும் முழுசாக முளைக்கவில்லை. நாடாழ்வார் என்றால் பெரிய ராஜா என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு குன்று, ஒரு ஏரி, ஏரி பாய்கிற சில சிற்றூர்கள், ஒரு கிழட்டு யானை, அவ்வளவுதான் அவருடைய நாடு. குதிரையேறிப் புறப்பட்டால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் எல்லை வந்துவிடும். வடக்கே ஒரு மாமன்னர் இருந்தார், தெற்கே ஒரு மாமன்னர் இருந்தார், இருவருக்கும் கல்வெட்டுக் கொத்துகிறவனின் கை வலிக்கிற அளவுக்கு நீளமான பெயர்கள், ஆகவே ஊர்க்காரர்கள் வடக்கத்தியார், தெற்கத்தியார் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். நடுவில் மாட்டிய ஆவிரங்குன்றத்துக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி.

அந்தக் காலத்து ராஜநீதியில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. ஒரு சிற்றரசன் எந்த மாமன்னருக்கு அடங்கியவனோ அவர் இருக்கும் திசையைப் பார்த்து அவன் கோட்டை வாசல் இருக்க வேண்டும். முகம் காட்டினால் நண்பன், முதுகு காட்டினால் பகைவன். பகைவன் என்று முடிவாகிவிட்டால் கோட்டையை இடித்து, அந்த மண்ணில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது, வரகு விதைத்துவிட்டுப் போவார்கள். மனிதர் வாழ்ந்த இடத்தில் கழுதை உழுதது என்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆகவே மற்ற சிற்றரசர்கள் எல்லாம், காற்று மாறும்போது கொத்தனார்களைக் கூப்பிட்டு ஒரு வாசலை அடைத்து இன்னொரு வாசலைத் திறக்கப் படாதபாடு பட்டார்கள், பல பேருடைய புது வாசல் கட்டி முடிவதற்குள் காற்று மறுபடி மாறிவிடும். கூத்தாடுந்தேவருக்கு அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று. கோட்டை திரும்பிய மறுநாள் தெற்கத்தியாரின் படை ஆற்றங்கரையில் வடக்கத்தியாரை வென்றுவிட்டுக் குன்றடிக்கு வந்தபோது, பூசி மெழுகிக் கோலமும் போட்ட வாசல் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சேனாபதி குதிரையிலிருந்து இறங்கிக் கட்டிக்கொண்டார். "யார் ஜெயிப்பாங்கன்னு எங்களுக்கே நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். கூத்தாடுந்தேவர் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததால் அறிவாளி என்று பெயர் வந்தது.

அதற்குப் பிறகு குன்று பல தடவை திரும்பியது. வடக்கத்தியார் கை ஓங்கப் போகிறது என்றால் வடக்கே, தெற்கத்தியார் கை ஓங்கப் போகிறது என்றால் தெற்கே, எப்போதும் சேதி வருவதற்கு முன்னால், எப்போதும் மோர் கடையும் நேரத்தில். குன்று ஏன் திரும்புகிறது என்று முதலில் கொஞ்சம் யோசித்தார்கள். பூமிக்கடியில் ஆமை இருக்கிறது என்று சிலரும், நாடாழ்வாரின் முப்பாட்டனார் வாங்கிய வரம் என்று சிலரும் சொன்னார்கள், பிறகு நாற்று நடவு வந்துவிட்டதால் விட்டுவிட்டார்கள். யோசிக்க வேண்டிய வேறு விஷயங்கள் இருந்தன. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதே, இரவு சரியாகப் படுத்தவன் பகல் தூக்கத்தில் தப்பாகப் படுத்துவிடுகிறானே என்று, பாயின் நான்கு மூலையிலும் தலையணை போட்டுக்கொண்டார்கள். கிழக்கு பார்த்த வீடு என்று சொல்லிப் பெண் கொடுத்தவர்கள் மேற்கு பார்த்த வீட்டில் மகளைப் பார்த்துக் கொதித்துப்போய்ப் பஞ்சாயத்துக்கு வந்தார்கள், இனிமேல் கல்யாணப் பேச்சில் திசையைச் சேர்ப்பதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. கோயில் குருக்கள் ஒரு நாள் முழுக்க ஏட்டைப் புரட்டிப் பார்த்து, சாமி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் கிழக்கு என்று அறிவித்தார், அன்றிலிருந்து ஆவிரங்குன்றத்தில் கோயில் கிழக்கு, சூரியன் கிழக்கு என்று இரண்டு கிழக்கு வழங்கியது. அரண்மனைப் புலவரிடம் ஒரே ஒரு மெய்க்கீர்த்திப் பாட்டு இருந்தது, அதில் மாமன்னர் பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக வைத்திருந்தார், காலையில் எழுந்து நிழல் விழும் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிரப்பிப் பாடுவார்.

கூத்தாடுந்தேவரிடமும் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வடக்கத்தியார் கொடுத்த கொடியும் காற்கழலும், இன்னொன்றில் தெற்கத்தியார் கொடுத்த கொடியும் காற்கழலும். மீசை வளர்ந்து, முறுக்கும் பருவம் வந்து, இரண்டு ராஜ்ஜியத்திலும் அவர் பெயர் பரவிவிட்டது. போருக்குப் புறப்படும் முன் ஒற்றர்களை அனுப்பி, "ஆவிரங்குன்றத்து வாசல் எந்தப் பக்கம்?" என்று பார்த்துவரச் சொல்கிற சேனாபதிகள்கூட இருந்தார்கள். அவருடைய மனைவி நங்கையாழ்வி மட்டும்தான் அவரை மதிக்கவில்லை.

"ஊரே உங்களை மதியூகிங்குது. நீங்க என்ன செய்யிறீங்க? காலையில எந்திரிச்சு வெயில் எந்தப் பக்கம்னு பாத்துட்டு, அதுக்கேத்த பெட்டியைத் தொறக்குறீங்க. இதை நம்ம யானையே செய்யும்."

"யானைக்குப் பெட்டி தொறக்கத் தெரியாதே" என்பார் கூத்தாடுந்தேவர்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அது உள்ளே தைக்கும். வாழ்நாளில் தானாக ஒரு முடிவும் எடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். வாசல் திரும்பியது, அவர் பின்னாலேயே திரும்பினார். கல்யாணம்கூட அப்படித்தான், வாசல் தெற்கே திரும்பியிருந்த வருஷம் தெற்கிலிருந்து நங்கையாழ்வி வந்தாள். அது மட்டும் குன்று செய்த நல்ல காரியம் என்று அவர் நினைத்துக்கொள்வார், அவளிடம் சொன்னதில்லை.

வாசல் வடக்கு பார்த்திருந்த ஒரு நல்ல காலத்தில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வீதிவிடங்கி என்று பெயர் வைத்து விடங்கி என்று கூப்பிட்டார்கள். அவள் பிறந்தபிறகுதான் கூத்தாடுந்தேவருக்கு உண்மையான வேலை என்று ஒன்று வந்தது. ஏரிக்கரையில் நீர்க்கோழி பார்க்கப் போகிறவளைத் தேடி அனுப்புவது, அவள் வரும்வரை தவித்துக்கொண்டு நிற்பது, வந்ததும் கோபப்பட முடியாமல் தோற்பது. கோட்டை வாசலில் நின்றால் ஏரி தெரியாது, அது பக்கவாசல் பக்கம் இருந்தது. "இந்த வாசல் ராஜாக்களைப் பாத்தே கெட்டுப்போச்சு, நமக்கு வேணுங்கறதைப் பாக்க மாட்டேங்குது" என்று அவர் முணுமுணுத்தது அந்தக் காலத்தில்தான்.

ஊரில் தேர்த்திருவிழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடாழ்வார் வீட்டுப் பெண் முதலில் வடத்தைத் தொட வேண்டும், அவள் கை பட்டால்தான் தேர் முனகாமல் நகரும். விடங்கி நடக்கத் தொடங்கிய வருஷமே அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொடவைத்தார்கள், தேர் அந்த வருஷம் பஞ்சுபோல் ஓடியது. முட்டுக்கட்டை போடும் சாத்தனால்கூட அதை நிறுத்த முடியாமல் போய், புலவர் வீட்டுச் சுவரில் மோதித்தான் நின்றது. சாத்தன் பெரிய பெருமைக்காரன். இழுப்பதற்கு ஊரே இருக்கிறது, நிறுத்துவதற்குத் தான் ஒருவன்தான் என்பான். அந்த ஒரு சுவரைப் பற்றி மட்டும் யாரும் அவனிடம் பேசக் கூடாது.

விடங்கிக்கு முன்பல் விழுந்திருந்த சமயம் வடக்கிலிருந்து அனந்தபிரான் என்ற தூதர் வந்தார். மெல்லிய குரல்காரர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னார்: "மாமன்னருக்கு வயசாகுது, சந்தேகமும் கூடிப்போச்சு. எல்லாருக்கும் முன்னால சேதி தெரிஞ்சுக்கிற உங்களை நெனச்சா அவருக்குத் தூக்கம் வரலையாம். உங்க மகளைத் தன் அரண்மனையில தன் மகளாவே வளக்க ஆசைப்படுறார். வாசல் வடக்கு பாத்திருக்கிற வரைக்கும் அவ அவருக்கு மகள்." வாசல் திரும்பினால் யார் என்பதை அவர் சொல்லவில்லை. மறுத்தால் அன்றைக்கே கழுதை. பல்லக்கு கிளம்பியபோது விடங்கி திரையை விலக்கி, "அப்பா, நான் திரும்பி வர்றப்ப வாசல் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டாள். "உன் பக்கம்தான் கண்ணு" என்றார் கூத்தாடுந்தேவர். பல்லக்கின் தூசி அடங்கிய பிறகும் நெடுநேரம் நின்றார், நங்கையாழ்வி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள், அன்று அவள் அவரைக் கேலி செய்யவில்லை.

அதன்பின் வருஷங்கள் வரிசையாகப் போயின. உப்பு விற்க வடக்கே போய்வருகிற வணிகர்கள் வரும்போதெல்லாம் கோட்டையில் நின்று, "உங்க பொண்ணு நல்லா இருக்கா, வளந்துட்டா. வாசல் எந்தப் பக்கம்னு கேக்கச் சொன்னா" என்பார்கள். "உன் பக்கம்தான்னு சொல்லுங்க" என்று கூத்தாடுந்தேவர் அனுப்பிவைப்பார். காலையில் கண் விழித்ததும் வெயில் விழும் இடத்தைப் பார்ப்பார், முன்பு பெட்டி திறக்கப் பார்த்த அதே பார்வை, இப்போது மகளுக்காக. குன்றும் இரக்கப்பட்டதுபோல் அசையாமல் கிடந்தது. ஊரில் ஒரு கிழக்கை மறந்தேவிட்டார்கள்.

பிறகு ஒரு மாசியில் மோர்ப்பானைகளில் மோர் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. கதவுகள் தானாகத் திறந்துகொண்டன, கோழிகள் கூட்டின் தெற்குப் பக்கத்தில் போய் நெருக்கியடித்து நின்றன. ஊருக்கு விளங்கிவிட்டது, குன்று தெற்கே திரும்ப ஆயத்தமாகிறது. தெற்கத்தியாரும் இந்த அறிகுறியை எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, பட்டுத்துணியோடு ஆள் அனுப்பியிருந்தார்: வாசல் திரும்பட்டும், உங்கள் மகளை எங்கள் அரண்மனையில் எங்கள் மகளாகவே வளர்ப்போம். கூத்தாடுந்தேவர் அந்தப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாசல் திரும்பினால் மகள் உயிர் போகும். எப்படியோ தப்பி வந்தால் தெற்கே போவாள்.

"நான் என்ன பண்ணுவேன்? குன்று திரும்புறதை எவனால தடுக்க முடியும்?" என்றார்.

"இத்தனை நாள் அது சொன்னதை நீங்க கேட்டீங்கல்ல, ஒரு தடவை நீங்க சொல்றதை அது கேக்கட்டும்" என்றாள் நங்கையாழ்வி. "தேரை நிறுத்தத் தெரிஞ்ச ஊருதானே இது?"

அந்த ஒரு வார்த்தைதான். மற்ற ஊராக இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள், ஆவிரங்குன்றத்தார் தேர்க்கொட்டகையைத் திறந்து வடங்களை எடுத்தார்கள். ஓடுகிற தேரைத் தன் கட்டை நிறுத்தும்போது உட்கார்ந்திருக்கும் குன்று எந்த மூலைக்கு என்று சாத்தன் மார் தட்டிக்கொண்டான். வாசல் கோபுரத்தின் இரண்டு தூணிலும் வடத்தைக் கட்டி, ஊரே கோட்டைக்குள் இருந்த மைதானத்தில் கூடி நின்று, வாசல் வடக்கிலேயே இருக்கட்டும் என்று மூச்சைப் பிடித்து இழுத்தது. உச்சிவேளை வரை இழுத்தார்கள். மோர் மேலும் சாய்ந்தது. சாப்பாடு கொண்டுவந்த நங்கையாழ்வி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, தேர்மேல ஏறி நின்னுக்கிட்டு எவனாவது தேரை இழுப்பானா?" என்று கேட்டாள். எல்லாரும் காலடியில் இருந்த குன்றைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிச் சமவெளிக்குப் போனார்கள். புலவர் மட்டும் இதைப் பாட்டில் சேர்க்கலாமா என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தார்.

சமவெளியில் வடக்குப் பக்கம் நின்று இழுத்தபோது குன்று முதல் தடவையாக முனகியது, சாய்ந்த மோர் கொஞ்சம் நிமிர்ந்தது. சாத்தன் அடிவாரத்துப் பாறை இடுக்கில் தேரின் முட்டுக்கட்டையைச் செருகி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து ஆவிரங்குன்றம் முறை வைத்துக் குன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடியலில் குயவர் தெரு, வெயில் ஏறியதும் உழவர் தெரு, சாயங்காலம் கோயில் தெரு, விடிகிற வரைக்கும் கள்ளுக்கடைக்காரர்கள், அவர்களுக்கு எப்படியும் தூக்கம் வராது. வடத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்வம்பு பேசினார்கள், பிடித்துக்கொண்டே கூழ் குடித்தார்கள், பக்கத்தில் பிடித்தவளைப் பார்த்துப் பார்த்துக் கல்யாணம் வரைக்கும் போனவர்கள் பல பேர், ஒரு பெண் தன் முறையில் பிள்ளைவலி கண்டு, "இதை யாராச்சும் பிடிங்க" என்று வடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பெற்றாள். கூத்தாடுந்தேவரும் வரிசையில் நின்றார். அவருக்கு முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. முன்னால் நின்ற வண்ணாத்தி திரும்பிப் பார்த்து, "நாடாழ்வாரே, உடம்பைக் குடுத்து இழுங்க, வடத்துல தொங்காதீங்க" என்றாள். அவர் வெட்கப்பட்டு உடம்பைக் கொடுத்து இழுத்தார், சந்தோஷமாகவும் இருந்தது.

வாசல் இன்னும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்ததால் வடக்கத்தியார் நிம்மதியாகத் தூங்கினார். நங்கையாழ்வி உப்பு வணிகர்களிடம் ஒரு வேண்டுகோளைச் சொல்லி அனுப்பினாள்: தேர்த்திருவிழா வருகிறது, வீட்டுப் பெண் வடத்தைத் தொடாமல் பல வருஷமாகத் தேர் முனகிக்கொண்டே போகிறது, ஒரே ஒரு தடவை வந்து தொட்டுவிட்டுப் போகட்டும். இதில் ஒரு பொய்யும் கிடையாது. கிழ மன்னர் சம்மதித்தார், தூதர் அனந்தபிரானோடும் கொஞ்சம் வீரர்களோடும் அனுப்பிவைத்தார், போன கையோடு திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பது கட்டளை.

அவர்கள் வடக்கிலிருந்து வந்து சேர்ந்த அன்றைக்கே தெற்கிலிருந்து தெற்கத்தியாரின் சேனாபதி வந்து சேர்ந்தார். ஜெயித்து வந்திருக்கிறோம், வாசல் நம்மைப் பார்த்திருக்கும் என்று வந்தவருக்குக் கோட்டையின் முதுகுதான் தெரிந்தது. முன்யோசனைக்காரர், அவர் இரண்டையும் கொண்டுவந்திருந்தார்: வாசல் திரும்பினால் விடங்கியை ஏற்றிப்போக ஒரு பட்டுப்பல்லக்கு, திரும்பாவிட்டால் ஒரு மந்தைக் கழுதைகளும் ஏர்களும் வரகு மூட்டைகளும். சூரியன் சாயும்வரை பார்ப்பேன் என்று சொல்லியனுப்பிவிட்டுப் பாறை நிழலில் உட்கார்ந்தார்.

வடக்குச் சமவெளியில் பல்லக்கிலிருந்து விடங்கி இறங்கினாள். கூத்தாடுந்தேவர் வடத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார், முன்பல் இல்லாத ஒரு சிறுமியைத் தேடிய கண்ணுக்கு, நெடுநெடுவென்று வளர்ந்து, வடக்கத்திப் பாணியில் கொண்டை போட்ட ஒரு பெண் எதிரே வருவது பிடிபடவில்லை. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"என்னப்பா, மீசை நரைச்சுப் போச்சு? கையில என்ன காயம்?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது, வடத்தை விட்டால் ஆபத்து என்பதால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. "ஒண்ணுமில்ல தாயி, வேலை செஞ்சேன்" என்றார்.

தூதர் அனந்தபிரானைப் பந்தலில் உட்கார்த்தி நுங்கும் பணியாரமும் பரிமாறினார்கள். வழக்கப்படி விடங்கி வாசலுக்குள் போய்க் கால் கழுவி, அம்மாவைப் பார்த்து, இந்த வருஷம் தூணில் கட்டியிருக்கும் தேர்வடத்தின் தலைப்பைத் தொட வேண்டும். அவள் மேலேறி உள்ளே போவதை ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது. ஊர் போட்டிருந்த கணக்கு எளிமையானது: பெண் உள்ளே போனதும் வடத்தை விட்டுவிடுவது, குன்று தன் இஷ்டப்படி தெற்கே திரும்பட்டும், வடக்கத்தியார் கையில் பெண்ணும் இல்லை, தெற்கத்தியார் கையில் கழுதைக்கு வேலையும் இல்லை. பட்டுப்பல்லக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசினால் கணக்கு இடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கூத்தாடுந்தேவர் மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

விடங்கி வடத்தைத் தொட்டாள்.

சாத்தன் முட்டுக்கட்டையை உருவினான், ஊர் வடத்தைத் தளர்த்தியது, இத்தனை நாள் அடக்கிவைத்த குன்று அவள் கை பட்ட தேராகவே புறப்பட்டது. கோபுரமும், மதிலும், மதில்மேல் காய்ந்த வேட்டிகளும், யானையும், கோழிகளும், வாசலில் வடத்தைப் பிடித்தபடி நின்ற மகளும் அம்மாவும் வரிசையாகக் கண்முன்னே நகர்ந்துபோக, தூதர் அனந்தபிரான் பணியாரத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். வடகிழக்கு தாண்டியது. வாசல் கிழக்கே வந்தது. அங்கே ஏரி இருந்தது, தண்ணீர் இருந்தது, நீர்க்கோழிகள் இருந்தன, எந்த ராஜாவும் இல்லை.

"பிடி!" என்று கத்தினார் கூத்தாடுந்தேவர்.

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. ஊர் ஒரு கணம் திகைத்து, அடுத்த கணம் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பிடித்தது. குயவர் தெருவும் உழவர் தெருவும் கோயில் தெருவும் முறையை மறந்து ஒன்றாகப் பிடித்தன, வடம் நரம்பாக விறைத்தது. "சாத்தா, கட்டையைப் போடு! இங்கதான், இங்கயேதான்!" என்று அவர் கத்தினார், சாத்தன் புலவர் வீட்டுச் சுவரை மனதில் நினைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கட்டையைச் செருகி உடம்போடு விழுந்தான். குன்று ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மேலே ஏதோ ஒரு வீட்டில் மோர்ப்பானை கவிழ்ந்த சத்தம் கேட்டது, அந்தக் குன்று சிந்திய மோர் அது ஒன்றுதான்.

தூதரும் சேனாபதியும் வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஓடிவந்து ஏரிக்கரையில் சந்தித்தார்கள். முகம் காட்டினால் நண்பன், முதுகு காட்டினால் பகைவன். பக்கம் காட்டினால் யார் என்று ராஜநீதியில் எங்கும் சொல்லவில்லை. இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். நங்கையாழ்வி இருவருக்கும் இலை போட்டாள். சாப்பிடச் சாப்பிட அனந்தபிரானுக்கு ஒரு யோசனை வந்தது: வாசல் தெற்கத்தியாரைப் பார்க்கவில்லை என்று சொன்னால் கிழ மன்னர் மகிழ்ந்துபோவார், பெண்ணைப் பற்றி அவர் கேட்டால் தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சேனாபதிக்கும் அதே யோசனை மறுபக்கமாக வந்தது: வாசல் இனி வடக்கத்தியாரைப் பார்க்கவில்லை, இதைவிட வெற்றி என்ன வேண்டும்? இருவரும் திருப்தியாகக் கை கழுவினார்கள்.

கழுதைகள்தான் மிச்சம். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவற்றைச் சும்மா ஓட்டிப்போனால் வீரர்கள் சிரிப்பார்கள் என்று சேனாபதி, தெற்கடிவாரத்துக் கட்டாந்தரையை ஒரு சாத்திரத்துக்கு உழுது வரகு விதைத்துவிட்டுப் போனார். கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற அந்த நிலத்தில் ஏர் இறக்க ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோம்பல்பட்டுக் கிடந்தார்கள், ராஜாவின் கழுதைகள் இலவசமாக உழுதுகொடுத்ததில் அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம், போகிற கழுதைகளுக்குத் தவிடு வைத்து மஞ்சள் பூசி அனுப்பினார்கள். அந்த ஆடியில் மழை நல்ல மழை. வரகு இடுப்பளவு வளர்ந்தது. அறுத்ததில் ஒரு மூட்டையை வடக்கத்தியாருக்கும் ஒரு மூட்டையைத் தெற்கத்தியாருக்கும் நாடாழ்வார் அனுப்பிவைத்தார், இருவரும் திறை வந்தது என்று கல்வெட்டில் கொத்திக்கொண்டார்கள். புலவர் வந்து பாட்டில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். "கழுதை பேரைப் போடு" என்றார் கூத்தாடுந்தேவர்.

குன்று அதற்குப் பிறகு திரும்பவில்லை. கட்டையை எடுத்துப் பார்க்கலாமா என்று எப்போதாவது யாராவது கேட்டால் சாத்தன் அடிக்க வருவான். இரண்டு பெட்டிகளிலும் நங்கையாழ்வி ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறாள். நாடாழ்வாருக்கு இப்போது காலையில் வெயில் பார்க்கும் வேலை இல்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் எழுந்து வாசலில் போய் நிற்கிறார். அங்கிருந்து ஏரி முழுசாகத் தெரிகிறது, கரையில் குடத்தை வைத்துவிட்டு நீர்க்கோழி பார்த்துக்கொண்டு நேரம் போக்குகிறவளும் தெரிகிறாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், அவர் கூப்பிடுவதில்லை.

ஒரு நாள் குடத்தோடு மேலேறி வந்தவள் பாதி வழியில் நின்று, இடுப்பு மாற்றிக்கொண்டு, வேண்டுமென்றே உப்பு வணிகர் குரலில் கேட்டாள்.

"நாடாழ்வாரே, வாசல் எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்தான் கண்ணு" என்றார் கூத்தாடுந்தேவர். "நான்தான் திருப்பினேன்."